விமானிக்கு 65 வயது: விதி எதைத் தடுக்கிறது, எதைத் தடுக்கவில்லை

பயணிகள் விமானம் ஓட்டுபவர்களுக்கு ஓய்வு வயது 65 என்று பொதுவாகச் சொல்கிறார்கள். விதியோ யாரையும் வேலையைவிட்டு அனுப்பச் சொல்லவில்லை. 65 வயது நிறைந்த ஒருவர் சர்வதேச வணிக விமானத்தில் விமானியாக அமர, அவருக்கு உரிமம் கொடுத்த நாடு அனுமதிக்கக் கூடாது. அதன் சாரம் அவ்வளவுதான். ஒரே விமானி மட்டும் ஓட்டும் வணிக விமானம் என்றால் அந்த வரம்பு 60. விமானி ஆக விரும்பும் பிள்ளைகளும், அதற்காகக் கடன் வாங்கும் பெற்றோரும் இந்த வேறுபாட்டை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. வாழ்க்கைக் கணக்கையே மாற்றக்கூடிய விதி இது.

இது எந்த ஒரு நாடும் தனியாக எழுதியதல்ல. 1944ஆம் ஆண்டு சிகாகோ உடன்படிக்கையின் கீழ் உருவான ஐகாவோ என்ற சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, விமானிகளின் உரிமங்களுக்கான தரங்களை அந்த உடன்படிக்கையின் முதல் இணைப்பில் வகுத்திருக்கிறது. உறுப்பு நாடுகள் அதைத் தங்கள் சட்டத்தில் சேர்த்துக்கொள்கின்றன. உள்நாட்டுப் பறப்புக்கு ஒரு நாடு தாராளமாக நடந்துகொள்ளலாம். கனடாவின் விமான விதிகளில் உச்ச வயது வரம்பே இல்லை. ஜப்பான் 2015 முதல் 67 வயது வரை அனுமதிக்கிறது. ஆனால் அந்த விமானி எல்லை தாண்டும்போது, மற்ற நாடு 'எங்கள் வானத்தில் 65தான்' என்று மறுக்க முடியும்.

சர்வதேச வரம்பு முன்பு 60 ஆக இருந்தது. 2006 நவம்பரில் அது 65 ஆனது. அப்போது ஒரு நிபந்தனையும் சேர்ந்தது: ஒருவர் 60ஐக் கடந்தவர் என்றால் பக்கத்தில் இருப்பவர் 60க்கு உட்பட்டவராக இருக்க வேண்டும். 2014 நவம்பரில் அந்த நிபந்தனை நீங்கியது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவை 2023இல் 67க்கு வாக்களித்தது; 2024 மே மாதம் கையெழுத்தான இறுதிச் சட்டத்தில் அது இடம்பெறவில்லை. விமான நிறுவனங்களின் கூட்டமைப்பான அயாட்டா 2025இல் ஐகாவோவிடம் வைத்த 67 வயதுக் கோரிக்கையும் நிறைவேறவில்லை. ஆகவே இன்று திட்டமிடுபவர்கள் 65ஐ வைத்துத் திட்டமிடுவதே சரி.

ஒருவர் என்றால் 60, இருவர் என்றால் 65 என்று ஏன் பிரித்தார்கள்? பறக்கும்போது ஒருவர் மயங்கி விழுந்தால் மற்றவர் விமானத்தை இறக்கிவிட முடியும் என்பதுதான் காரணம். இது வெறும் நம்பிக்கை அல்ல, பழக்கப்படுத்தப்படும் செயல். விமான ஓட்டும் அறையைப் போலவே அமைந்த பயிற்சிக் கருவியான சிமுலேட்டரில், பயிற்றுநர் ஒரு விமானிக்கு இரகசியமாகச் சைகை காட்டுவார். தரையிறங்கும் நேரத்தில் அவர் மயங்கியதுபோல் பேசுவதை நிறுத்திவிடுவார். வேகமோ உயரமோ பிசகினால் மற்றவர் சொல்ல வேண்டும். பதில் இல்லையென்றால் மீண்டும் ஒரு முறை சொல்ல வேண்டும். இரண்டாவது அழைப்புக்கும் பதில் வராவிட்டால் காத்திருக்காமல் கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுக்க வேண்டும். மயங்கியவர் கைப்பிடியின்மீது சாயாதபடி இருக்கையைப் பின்னுக்குத் தள்ளச் செய்து, தானியங்கி இயக்கத்தைப் போட்டு, அவசர நிலையை அறிவித்து, தனியாகவே இறக்க வேண்டும். இந்தப் பயிற்சி இருப்பதால்தான் மூத்தவர்களுக்குக் கூடுதலாக ஐந்து ஆண்டுகள் கிடைத்தன.

65க்குப் பிறகு உரிமம் செல்லாமல் போய்விடாது. தடை வணிகப் போக்குவரத்துக்கு மட்டுமே. ஒரு தொழில் நிறுவனம் தன் சொந்த அதிகாரிகளுக்காக வைத்திருக்கும் விமானம், தனிப்பட்ட பறப்பு, பயிற்சிப் பள்ளி போன்றவற்றில் பல நாடுகள் வயது வரம்பு வைக்கவில்லை. மருத்துவச் சான்றிதழ் இருந்தால் போதும். பெரிய விமானங்களின் சிமுலேட்டரில் பயிற்சி கொடுக்கும் இடங்களில் 65ஐத் தாண்டிய முன்னாள் கேப்டன்கள் பலர் இருக்கிறார்கள். முப்பது, நாற்பது ஆண்டு அனுபவம் வீணாகாமல் அடுத்த தலைமுறைக்குச் சேரும் இந்த வழியை நிறுவனங்கள் இன்னும் அதிகமாகப் பயன்படுத்த வேண்டும் என்பது என் எண்ணம்.

65இலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

பல விமான நிறுவனங்களில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது பணிமூப்புப் பட்டியல். சேர்ந்த நாள்தான் ஒருவரின் எண்ணை முடிவு செய்கிறது. எந்த விமானத்தை ஓட்டுவது, எந்த நகரத்திலிருந்து புறப்படுவது, எப்போது கேப்டன் ஆவது, எந்தப் பண்டிகைக்கு விடுப்பு என்பதெல்லாம் அந்த எண் வரிசைப்படிதான் நடக்கும். ஆட்குறைப்பு வந்தால் கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் வெளியேறுவார். நிறுவனம் மாறினால், இருபது ஆண்டு கேப்டனாக இருந்தவரும் புதிய இடத்தில் பட்டியலின் அடியில் நிற்க நேரிடும்.

இந்தப் பட்டியல் எவ்வளவு கடுமையானது என்பதை 2007இல் அமெரிக்க விமானிகள் நேரடியாக அனுபவித்தார்கள். அங்கே 60 வயது விதி 1960 மார்ச் முதல் நடைமுறையில் இருந்தது. விமானிகள் பல ஆண்டுகள் போராடிய பிறகு, 2007 டிசம்பர் 13 அன்று வரம்பை 65 ஆக்கிய சட்டம் கையெழுத்தானது. ஆனால் அதற்கு முன்பே 60ஐத் தொட்டு வெளியேறியவர்களுக்குப் பழைய இடம் திரும்பக் கிடைக்கவில்லை. மீண்டும் பறக்க விரும்பினால் புதிதாகச் சேர்பவர்போலப் பணிமூப்பு இல்லாமல்தான் சேர முடிந்தது. சட்டம் வருவதற்குச் சில நாள்கள் முன்னதாகப் பிறந்தநாள் வந்தவர்களும், சில நாள்கள் கழித்து வந்தவர்களும் ஒரே திறமை உள்ளவர்கள்தான்; ஒருவருக்கு ஐந்து ஆண்டுகள் கிடைத்தன, மற்றவருக்குக் கிடைக்கவில்லை. அது நியாயமாக எனக்குப் படவில்லை.

ஆகவே 22 வயதில் சேர்பவருக்கு 43 ஆண்டுகள். வேறு தொழிலிலிருந்து 38 வயதில் வருபவருக்கு 27 ஆண்டுகள். பின்னவர் வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. பெரிய விமானத்தின் கேப்டன் இருக்கையில் அவர் அமரும் ஆண்டுகள் குறைவு என்பதையும், பயிற்சிக் கடனைத் திருப்பும் காலம் சுருங்குகிறது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு வர வேண்டும்.

தகுதிகளும் மணிக்கணக்கும்

ஐகாவோ தரப்படி வணிக விமானி உரிமத்துக்குக் குறைந்தபட்ச வயது 18. அதற்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அரசு அங்கீகரித்த ஒருங்கிணைந்த பயிற்சி என்றால் 150 போதும். இதற்குள் தன் பொறுப்பில், குறைந்தது 540 கிலோமீட்டர் தூரத்துக்கு, வழியில் இரண்டு வெவ்வேறு விமானத் தளங்களில் முழுமையாக இறங்கி எழுந்து போன ஒரு நெடும் பறப்பும் அடங்கும். அடுத்தது, கேப்டன் ஆவதற்கான விமானப் போக்குவரத்து விமானி உரிமம்: வயது 21, பறப்பு 1,500 மணி நேரம். இதில் 100 மணி நேரம் இரவில் பறந்திருக்க வேண்டும். பலர் முதல் உரிமத்துடன் துணை விமானியாகச் சேர்ந்து, வேலையிலேயே மீதி மணிகளைச் சேர்க்கிறார்கள். 2006இல் வந்த பல்விமானி உரிமம், அதாவது ஒன்றுக்கு மேற்பட்ட விமானிகள் ஓட்டும் விமானங்களுக்கான உரிமம், வேறொரு பாதை. 240 மணி நேரப் பயிற்சி, அதில் பெரும்பகுதி சிமுலேட்டரில். விரைவானது, ஆனால் அதை வைத்துத் துணை விமானியாக மட்டுமே பறக்கலாம். சேர்த்துக்கொள்ள இருந்த நிறுவனம் கைவிட்டால், சிறிய விமானம் ஓட்டிப் பிழைக்கவும் அந்த உரிமம் தனியாக உதவாது.

அமெரிக்க விமான நிறுவனங்களில் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரம் தேவை என்பது 2013 முதல் விதி. 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே கோல்கன் நிறுவன விமானம் விழுந்து 50 பேர் இறந்ததன் விளைவு அது. அந்த விமானத்தை ஓட்டிய இருவருமே 1,500 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர்கள். மணி எண்ணிக்கை ஒன்றே திறமைக்கு அளவுகோல் ஆகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

உரிமம் கிடைத்ததும் வேலை கிடைத்துவிடாது. எழுத்துத் தேர்வு, சிமுலேட்டர் சோதனை, நேர்காணல், அடுத்து டைப் ரேட்டிங், அதாவது குறிப்பிட்ட விமான வகையை ஓட்டுவதற்கான தனித் தகுதி. சர்வதேசப் பறப்புக்கு ஆங்கிலப் பேச்சுத் திறனில் குறைந்தது நான்காம் நிலையும் தேவை. பொதுவாக அதை மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் இருக்கிறது. கண்ணாடி போட்டவர்கள் விமானி ஆக முடியாது என்ற எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. அது தவறு. கண்ணாடியுடன் ஒவ்வொரு கண்ணிலும் 6/9, இரண்டும் சேர்ந்து 6/6 தெரிந்தால் ஐகாவோ தரம் நிறைவேறுகிறது. மாற்றுக் கண்ணாடி ஒன்றைக் கைவசம் வைத்திருக்க வேண்டும். நிறப் பார்வையில்தான் பலர் சிக்குகிறார்கள். புள்ளிகளுக்குள் மறைந்திருக்கும் எண்ணைப் படிக்கும் அந்தச் சோதனையில் தன் குறையை முதன்முதலாக அறிபவர்களும் உண்டு. பயிற்சிக் கட்டணம் முழுவதையும் கட்டிய பிறகு இது தெரியவருவதுபோல் கொடுமை வேறில்லை. எனவே முதலில் மருத்துவப் பரிசோதனை, பிறகுதான் பள்ளி.

சான்றிதழ் பொதுவாக 12 மாதங்களுக்குச் செல்லும். 60க்குப் பிறகு ஆறு மாதங்கள். இதயத்தின் மின்வரைபடம் 30 முதல் 50 வயது வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையும், அதற்குமேல் ஆண்டுதோறும் எடுக்கப்படும். இதில் எந்த முறை தவறினாலும் அந்த நாளே பறப்பு நின்றுவிடும், வயது 35 ஆக இருந்தாலும் சரி. உரிம இழப்புக் காப்பீடு என்ற ஒன்று இருப்பது இதற்காகத்தான். வேலையில் சேரும்போதே எடுப்பது நல்லது.

பணி ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் மூன்றைப் பார்த்துவிடுங்கள். டைப் ரேட்டிங் செலவு யாருடையது, நிறுவனம் ஏற்றால் அங்கேயே எத்தனை ஆண்டுகள் வேலை செய்ய வேண்டும் என்பது ஒன்று. சட்டம் 65 என்றாலும் நிறுவனம் தன் ஒப்பந்தத்தில் அதைவிடக் குறைந்த வயதை வைத்திருக்கிறதா என்பது மற்றொன்று. ஓய்வூதியமோ சேமநிதியோ எந்த வயதில் கைக்கு வரும் என்பது மூன்றாவது. பறப்பு நிற்கும் நாளுக்கும் அந்தப் பணம் வரும் நாளுக்கும் இடையில் சில ஆண்டுகள் இடைவெளி விழுந்தால், அதை இளம் வயதிலேயே தனிச் சேமிப்பால் நிரப்பத் தொடங்க வேண்டும்.