நிழற்படத்துக்கு நேரம் எங்கிருந்து வருகிறது?

கன்னியாகுமரிக் கடற்கரையில் ட்ரைபாடில் பொருத்திய கேமரா, நான்கு நொடிக்கு ஒரு படம் வீதம் ஒரு மணி நேரம் சூரிய அஸ்தமனத்தை எடுத்தால் 900 புகைப்படங்கள் சேரும். அவற்றில் ஒவ்வொன்றும் எப்போது எடுக்கப்பட்டது என்பது கோப்பில் பதிவாகியிருக்கும். திரையில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது இருக்காது. வீடியோ கோப்பு தன் வேகத்தைத் தன்னுடனேயே கொண்டுவருகிறது, புகைப்படத்துக்கோ அந்த நேரத்தை எடிட்டிங் மென்பொருள்தான் கொடுத்தாக வேண்டும்.

மென்பொருள் அவற்றைத் தனித்தனிப் படங்களாகக் கருதினால், ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே குறித்துவைத்த ஒரு கால அளவைக் கொடுக்கும். பல மென்பொருள்களில் அது 5 நொடி. அப்படியே டைம்லைனில், அதாவது படங்களை ஓடும் வரிசையில் அடுக்கும் பட்டையில், போட்டால் 900 படங்களும் ஓடி முடிய 75 நிமிடம் ஆகும், அதாவது அஸ்தமனத்தை நேரில் பார்ப்பதைவிடக் கூடுதல் நேரம். அதே படங்களைத் தொடர்படமாக, அதாவது ஒரே வீடியோவின் அடுத்தடுத்த படங்களாக, உள்ளே கொண்டுவந்தால் ஒவ்வொன்றும் ஒரு ஃபிரேம் (வீடியோவின் ஒரு தனிப்படம்) ஆகிவிடும். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் மொத்தமும் 36 நொடியில் முடியும்.

எது தொடர்படம் என்பதை மென்பொருள் கோப்புப் பெயரின் இறுதியில் உள்ள எண்ணை வைத்தே கண்டுகொள்கிறது. எண்களை எழுத்துகளைப் போல வரிசைப்படுத்தும் இடங்களில் 10 என்பது 2-க்கு முன்னால் வந்துவிடும் என்பதால், 0001, 0002 என்று பூஜ்யம் சேர்த்துப் பெயரிடுவது வழக்கம். இடையில் ஒரு கோப்பை நீக்கிவிட்டால் சில மென்பொருள்கள் அந்த இடத்தில் தொடரை இரண்டாக வெட்டிவிடும். பல கேமராக்களில் எண்ணிக்கை 9999-ஐத் தொட்டதும் மீண்டும் 0001-இலிருந்து தொடங்குவதால், அஸ்தமனத்தின் பிற்பாதி முற்பாதிக்கு முன்னால் போய் நிற்கவும் கூடும். ஆகவே படங்களை எடுத்த நேரத்தின்படி வரிசைப்படுத்தி, புதிய எண்களிட்ட பிறகே எடிட்டிங்கைத் தொடங்குவது நல்லது.

ஃபிரேம் வேகத்தையும் டைம்லைனில் வைப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். மென்பொருள் தொடரை நொடிக்கு 30 என்று எடுத்துக்கொள்ள, டைம்லைன் 25-இல் இருந்தால், ஆறு படத்துக்கு ஒன்று காணாமல் போகும்; சீராக இறங்க வேண்டிய சூரியன் விட்டுவிட்டுத் துள்ளி இறங்கும்.

இதைவிடச் சுவையான சிக்கல் காற்றாலைகள் நிறைந்த ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் கேமராவைத் திருப்பும்போது எழுகிறது. நிமிடத்துக்கு 15 சுற்றுச் சுற்றும் காற்றாலை ஒரு சுற்றை முடிக்க எடுத்துக்கொள்ளும் நேரம் சரியாக 4 நொடி. நமது கேமராவும் 4 நொடிக்கு ஒரு முறைதான் பார்க்கிறது என்பதால், எல்லாப் படத்திலும் இறக்கைகள் ஒரே இடத்தில் இருக்கும். பின்னால் மேகங்கள் விரைந்தோட, காற்றாலை மட்டும் அசையாமல் நிற்கும். காற்று சற்றுத் தணிந்து வேகம் 14.5 சுற்றானால், 4 நொடியில் இறக்கை 348 பாகைதான் திரும்பியிருக்கும், முழுச் சுற்றுக்கு 12 பாகை குறைவு. நம் கண் அந்தக் குறையையே அசைவாக எடுத்துக்கொள்வதால், காற்றாலை பின்னோக்கிச் சுற்றுவதாகத் தோன்றும். இரண்டு படங்களுக்கு இடையில் நடந்தது எங்குமே பதிவாகவில்லை என்பதால், இதை எடிட்டிங்கில் சரிசெய்ய வழியில்லை. எடுக்கும்போதே லென்ஸின் முன் ஒளியைக் குறைக்கும் அடர் வடிகட்டியை மாட்டி, ஷட்டரை ஓரிரு நொடி திறந்துவைத்து இறக்கைகளை மங்கலான வட்டமாக்கிவிடலாம்.

வீடியோவிலிருந்து ஒரு ஃபிரேமை நிறுத்தி எடுப்பது இதற்கு நேர் எதிரான வேலை. சுருக்கப்பட்ட வீடியோவில் பெரும்பாலான ஃபிரேம்கள் முழுப் படங்கள் அல்ல. பக்கத்து ஃபிரேம்களிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்பு மட்டுமே அவற்றில் இருக்கிறது. நாம் ஒரு நொடியில் நிறுத்தினால், மென்பொருள் அதற்கு முன்னுள்ள முழு ஃபிரேமுக்குப் போய் அங்கிருந்து படத்தைக் கட்டி எழுப்புகிறது. தொடர்படத்தில் ஒவ்வொரு ஃபிரேமும் முழுமையானது என்பதால் இந்த வேலை இல்லை, ஆனால் வட்டில் இடம் தாராளமாகப் பிடிக்கும்: சுருக்கப்படாத முழு எச்டி ஃபிரேம் ஒன்றுக்கு ஏறத்தாழ 6.2 மெகாபைட்.

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ பழைய கல்யாண கேசட்டிலிருந்து ஒரு படம் எடுத்துத் தரச் சொல்லி வருபவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அந்த நாடாக்களில் ஒவ்வொரு ஃபிரேமும் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளியில் பதிவான இரண்டு பாதிகளால் ஆனது. ஒரு பாதியில் ஒற்றைப்படை வரிகள், மறுபாதியில் இரட்டைப்படை வரிகள். அசையாத மணவறைத் தூண் தெளிவாக வரும், தாலி கட்டும் கை மட்டும் சீப்புப் பல் போலப் பிளந்து தெரியும். இந்தப் பாதிகளைப் பிரித்தெடுக்கும் டீஇன்டர்லேஸ் வசதியைக் கொண்டு ஒரு பாதியை மட்டும் வைத்துக்கொண்டு, விடுபட்ட வரிகளை அக்கம்பக்க வரிகளிலிருந்து கணக்கிட்டு நிரப்பச் சொன்னால், கூர்மை சற்றுக் குறைந்தாலும் கை கையாகத் தெரியும்.