நீர்ச் சமநிலையா, நீர் வரவு செலவா?

பினாங்கு லிட்டில் இந்தியாவில் சாப்பிட்டுவிட்டுப் பத்து வெள்ளியை நீட்டினால், கல்லாவில் இருப்பவர் "பேலன்ஸ் வாங்கிக்குங்க அண்ணே" என்பார். கொஞ்சம் வயதானவராக இருந்தால் "பாக்கி" என்பார். அடுத்த கடை மலாய்க்காரரும் பாக்கி என்றே சொல்வார். இரண்டு மொழிக்கும் அரபு தந்த சொல் அது. போனது போக மிஞ்சியது என்று பொருள்.

இதை யோசிக்க வைத்தவள் என் அக்கா மகள். பல்கலைக்கழகத்தில் நீரியல் படிக்கிறாள். சுவீடன் போன்ற வடபுலக் குளிர்நாட்டுக் காடு ஒன்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியைக் கணினி மாதிரியில் கணக்கிடும் பயிற்சி. "வாட்டர் பேலன்ஸுக்கு நீர்ச் சமநிலைன்னு போட்டிருக்கேன் மாமா, சரிதானே?" என்றாள். நூல்களிலும் அப்படித்தான் இருக்கிறது. மலாய் விரிவுரையில் 'இம்பாஙான் ஆயர்' என்று கேட்டிருப்பாள். இம்பாங் என்றாலும் நிகர்தான். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை.

பேலன்ஸின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'பி' என்றால் இரண்டு, 'லாங்ஸ்' என்றால் தட்டு. இரட்டைத் தட்டுத் தராசு. தராசைப் பார்த்து மொழிபெயர்த்தவர்களுக்குச் சமநிலை கிடைத்தது. ஆனால் அந்தச் சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து வணிகர் கையில் புழங்கி, கணக்கை நேர்செய்வது என்றும் கடைசியில் மிச்சம் என்றும் பொருள் கொண்டது. நீரியலார் செய்வது இந்தக் கணக்கு வேலையைத்தான். 'வாட்டர் பட்ஜெட்' என்றும் அதையே மாற்றி எழுதுவார்கள்.

மழையும் பனியும் வரவு. ஆவியாவது, மரங்கள் இலை வழியே விடுவது, ஆற்றில் ஓடிப்போவது எல்லாம் செலவு. வரவில் செலவைக் கழித்தால் கிடைப்பது இருப்பில் வந்த மாற்றம். பினாங்குக்காரர்களுக்கு இது புதிதல்ல. வறட்சி மாதங்களில் 1962இல் கட்டி முடித்த ஆயர் ஈத்தாம் அணையின் நீர்மட்டத்தை நாம் பார்ப்பது, இருப்பு பார்ப்பதுதான்.

இங்கே மலையில் கொட்டிய மழை சில மணி நேரத்தில் ஆற்றுக்கு வந்துவிடும். ஆகவே சமநிலை என்று சொன்னாலும் பெரிதாகக் கெட்டுப்போகாது. சுவீடன், பின்லாந்துப் பக்கத்துக் காட்டில் அந்தச் சொல் ஆளைக் கவிழ்த்துவிடும். குளிர்காலம் முழுக்க வரவு வந்துகொண்டே இருக்கும். பனிக்கட்டிக்கு அடியில் ஆறு இழை இழையாக ஓடும். வந்ததெல்லாம் தரையிலும் ஊசியிலை மரக் கிளைகளிலும் வெண்பனியாகக் கிடக்கும். கிளையில் தங்கியதில் ஒரு பங்கு உருகாமலே ஆவியாகிவிடும். வசந்தத்தில் வெயில் ஏறியதும் மழையே இல்லாமல் ஆறு கரைபுரளும். எந்த மாதத்திலும் தட்டுகள் நேர்நிற்பதில்லை. இருப்பு ஏறி இறங்குவதுதான் அங்கே முழுக்கதையும். பனிச் சேமிப்பு இரண்டு ஆண்டாகத் துண்டுபடாமல் இருக்க, நீரியல் ஆண்டை அக்டோபர் 1இல் தொடங்கும் வழக்கமும் இதனால்தான். அது அவர்களுடைய புதுக்கணக்கு நாள்.

சுவீடனின் வானிலை, நீரியல் நிறுவனத்தில் 1970களில் ஸ்டென் பெர்க்ஸ்ட்ரோம் உருவாக்கிய எச்.பி.வி. என்ற நீர்க்கணக்குக் கணினி மாதிரி இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. அந்த மூன்று எழுத்தில் கடைசி 'வி', நீர் வரவு செலவுப் பிரிவு என்று பொருள்படும் சுவீடிஷ் சொல்லின் தலையெழுத்து. பனி உருகுவதற்கு அதில் எளிய வாய்ப்பாடு: உறைநிலைக்கு மேலே ஒவ்வொரு டிகிரிக்கும் நாளொன்றுக்கு இத்தனை மில்லிமீட்டர். அது 3 என்று வைத்தால், 5 டிகிரி உள்ள நாளில் 15 மில்லிமீட்டர் நீர் இருப்பிலிருந்து இறங்கும்.

செலவுப் பத்தியில் மரத்தின் கை எவ்வளவு பெரியது என்பதற்கு அமெரிக்காவின் ஹப்பர்ட் புரூக் காடு சான்று. 1965இல் ஒரு சிறு நீர்ப்பிடிப்பின் மரங்களை எல்லாம் வெட்டிச் சாய்த்தார்கள். மரங்கள் குடிக்காத நீர் ஓடைக்குப் போனது; முதல் ஆண்டிலேயே ஓட்டம் சுமார் 40 விழுக்காடு கூடியது.

'வரவு செலவு' கடைத்தெருச் சொல், ஆய்வுக்கு ஆகாது என்பவர்கள் உண்டு. வள்ளுவர் வரவை ஆகாறு என்றும் செலவைப் போகாறு என்றும் சொன்னார் (குறள் 478). ஆறு அங்கே வழி. நீர்க்கணக்கில் அது ஆறாகவே ஓடுவது நம் அதிர்ஷ்டம். பினாங்குத் தெருவின் செட்டியார் கிட்டங்கிகளில் பேரேடு எழுதி ஐந்தொகை எடுத்த மொழிக்கு இந்தக் கணக்கைச் சொல்லத் தெரியாதா என்ன?

தலைப்பை 'நீர் வரவு செலவு' என்று மாற்றினாள், சேமிப்புக்கு 'நீரிருப்பு'. ஒன்று மட்டும் இழுபறி. பனியளவுக் கலத்துக்குள் விழ வேண்டிய பனியைக் காற்று அடித்துப்போவதால் வரவு குறைவாகவே பதிவாகும். கடைசிக் கூட்டல் ஒத்துவராது. அந்த வித்தியாசத்துக்கு 'எச்சம்' என்று போட்டிருந்தாள். காட்டுக்குள் எச்சம் என்றால் பறவைதான் நினைவுக்கு வரும் என்றேன். "அப்போ?" கணக்கு உதைக்கிறது என்போமே, 'உதைப்பு' போடேன் என்றேன். ஆய்வேட்டில் 'கணக்கு வேறுபாடு' என்று எழுதிக்கொண்டாள். வீட்டில் பேசும்போது மட்டும், "இன்னிக்கும் 20 மில்லிமீட்டர் உதைக்குது மாமா."