ஓடு உடையாமல் நத்தையை எடுக்கும் நாரை

பாரூர் ஏரியிலும் கிருஷ்ணகிரி அணையின் ஓரங்களிலும் நீர் வடிந்து சேறு தெரியும் நாட்களில், நத்தை குத்தி நாரைகள் இரை தேடிய இடத்தில் வெறும் நத்தை ஓடுகள் கிடக்கும். அவற்றுள் பலவற்றில் விரிசல்கூட இராது. சதை மட்டும் காணாமற் போயிருக்கும்.

வளர்ந்த நாரையின் மேல் அலகும் கீழ் அலகும் நுனியில் மட்டுமே சேர்கின்றன. நடுவில் ஓர் இடைவெளி நிற்கிறது. அந்த இடைவெளியில் நத்தையை வைத்து, பாக்குவெட்டியில் பாக்கை நறுக்குவதுபோல நாரை ஓட்டை நொறுக்குகிறது என்று உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லி 1960-இல் கருதினார். உயிருள்ள பறவைகளைக் கூர்ந்து கவனித்த பின்வந்த ஆய்வுகள் அக்கருத்தை ஏற்கவில்லை. குஞ்சுகளுக்கு இடைவெளி இல்லை, ஆயினும் இளம் பறவைகள் நத்தையைத் தின்கின்றன என்பதே போதுமான மறுப்பாக எனக்குத் தோன்றுகிறது.

உண்மையில் வேலை செய்வது அலகின் நுனிதான். நாரை தலையை நீரில் அமிழ்த்திச் சேற்றைக் குத்தித் துழாவி நத்தையைப் பிடிக்கிறது. மேல் அலகால் ஓட்டை அழுத்திக்கொண்டு, கத்திபோல் மெலிந்து பெரும்பாலும் வலப்புறம் வளைந்திருக்கும் கீழ் அலகின் நுனியை ஓட்டின் வாயை அடைத்திருக்கும் மூடிக்கு அடியில் செலுத்துகிறது. உடலை ஓட்டுடன் பிணைக்கும் தசை அறுந்ததும் சதை முழுதாக வெளியே வந்துவிடுகிறது. சிறிய நத்தைகளை அது அப்படியே விழுங்கிவிடும். கடலோரப் பறவைகளான சிப்பிபிடிப்பான்களிலும் சில, சிப்பியை உடைக்காமல் இரு ஓடுகளுக்கு நடுவே அலகை நுழைத்துத் தசையை அறுக்கின்றன.

நெல் வயலில் இளநாற்றைக் கடிக்கும் நத்தைகளை நாரை குறைப்பதால் உழவருக்கு நன்மையே. தென் அமெரிக்காவிலிருந்து வந்த தங்க ஆப்பிள் நத்தை தாய்லாந்தில் பெருகியபோது, அதை உண்டு அங்கே இந்நாரைகளும் பெருகின.

எனினும் ஓர் ஏரியின் நத்தைகள் அனைத்தையும் நாரை தீர்த்துவிடுவதில்லை. நீண்ட கால் எட்டாத ஆழத்தில் அது மேய இயலாது. கோடையில் ஏரி வற்றும்போது நத்தை சேற்றுக்குள் புதைந்து, மூடியை இறுக்கிக்கொண்டு, செவுளோடு தனக்குள்ள நுரையீரலின் துணையால் மாதக்கணக்கில் உறங்குகிறது. சேறு இறுகியதும் நாரைகள் ஈரமுள்ள வேறு நீர்நிலை தேடிப் பறந்துவிட, எஞ்சிய நத்தைகள் மழை பெய்ததும் மேலேறி, கரையின் ஈரமண்ணில் முட்டையிடுகின்றன.