ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு எதற்கு லேத் பட்டறை? கௌசல் போத் பாடமும் பையில்லா நாட்களும்

பிள்ளை சிபிஎஸ்இ பள்ளியில் 6, 7, 8 இதில் ஏதாவது ஒரு வகுப்பில் இருந்தால், 2025-26 கல்வியாண்டிலிருந்து தொழில்திறன் பாடம் கட்டாயம். சனிக்கிழமை கிளப் மாதிரி விருப்பமிருந்தால் போகிற விஷயம் இல்லை, கணக்கு அறிவியலைப் போல கால அட்டவணையில் பீரியட் ஒதுக்கி நடத்த வேண்டிய பாடம். புத்தகத்தின் பெயர் கௌசல் போத், போட்டது மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டி, அவர்கள் இணையதளத்திலேயே காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். நிறையப் பெற்றோருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களும் "அது கிராஃப்ட் பீரியட்தானே" என்று விட்டுவிடுகிறார்கள், அங்கேதான் கோட்டை விடுகிறோம்.

கணக்கு இதுதான். வருடத்துக்கு 110 மணி நேரம், அதாவது ஏறக்குறைய 160 பீரியட். வேலைகளை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள்: செடிகொடி, ஆடுமாடு போன்ற உயிர்களோடு செய்யும் வேலை, இயந்திரங்களோடும் பொருட்களோடும் செய்யும் வேலை, மனிதர்களுக்குச் சேவையாகச் செய்யும் வேலை. ஒவ்வொன்றிலிருந்தும் வருடத்துக்கு ஒரு புராஜெக்ட், ஆக மூன்று வருடத்தில் ஒன்பது. ஆண்டு முடிவில் பிள்ளைகள் செய்ததையெல்லாம் பெற்றோர் வந்து பார்க்க ஒரு கண்காட்சியும் உண்டு.

தொழிற்சாலை வேலையைப் பிள்ளைக்கு அறிமுகப்படுத்துகிற பகுதி அந்த இரண்டாவதுதான். ஆறாம் வகுப்புப் புத்தகத்தில் அதற்கு இரண்டு புராஜெக்ட் கொடுத்திருக்கிறார்கள்: கையால் பொருள் செய்யும் மேக்கர் ஸ்கில்ஸ் ஒன்று, கணினியில் செய்யும் அனிமேஷன், கேம்ஸ் இன்னொன்று. கம்ப்யூட்டர் லேப் பெரும்பாலான பள்ளிகளில் இருக்கிறது, சுத்தியலும் ரம்பமும் பொருளை இறுக்கிப் பிடிக்கிற வைஸும் இருக்கிற பள்ளி குறைவு, அப்புறம் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. அனிமேஷன் மோசம் என்று சொல்லவில்லை, ஆனால் மூன்று வருடமும் திரைக்கு முன்னாலேயே உட்கார வைத்துவிட்டு "இயந்திரங்களும் பொருட்களும்" முடிந்துவிட்டது என்று டிக் அடித்தால், பிள்ளை ஒரு ஸ்க்ரூவைக்கூடத் திருகாமல் ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விடும். எனவே பள்ளியில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: எந்த புராஜெக்ட், எதை வைத்துச் செய்கிறார்கள்?

மதிப்பெண் போடும் முறை, ஆச்சரியமாக, நன்றாகவே இருக்கிறது. எழுத்துத் தேர்வுக்கு 10 சதவீதம் மட்டும். வாய்மொழியாக விளக்குவதற்கு 30, செயல்பாட்டுப் புத்தகத்துக்கு 30, ஆசிரியர் கூட இருந்து கவனிப்பதற்கு 20, செய்தவற்றின் தொகுப்புக்கு 10. மனப்பாடம் செய்து தப்பிக்க வழியில்லை. அதே சமயம் அப்பா இரவெல்லாம் உட்கார்ந்து தெர்மாகோலில் செய்து கொடுத்தனுப்பினால், "இதை எப்படிச் செய்தாய்?" என்ற கேள்வியில் பிள்ளைதான் மாட்டும்.

பையில்லா நாட்கள் என்பது இதோடு ஒட்டிய இன்னொரு ஏற்பாடு. 2020 தேசியக் கல்விக் கொள்கையில், 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் மாணவர்கள் புத்தகப்பை இல்லாமல் பத்து நாள் உள்ளூர்த் தொழிலாளர்களிடம் போய்ப் பழக வேண்டும் என்று எழுதியிருந்தது. அதை எப்படி நடத்துவது என்ற வழிகாட்டுதல் 2024 ஜூலையில்தான் வந்தது, தயாரித்தது போபாலில் இருக்கும் என்சிஇஆர்டியின் தொழிற்கல்வி நிறுவனம். பத்து நாளையும் ஒரே மூச்சாக நடத்த வேண்டியதில்லை, இரண்டு மூன்று தவணையாகப் பிரிக்கலாம். இது வழிகாட்டுதல், சட்டம் அல்ல. நடத்தவில்லை என்று வழக்குப் போட முடியாது, பெற்றோர் கூட்டத்தில் கேட்கலாம், கேட்டால் பலன் இருக்கும்.

கொள்கையில் உதாரணமாகச் சொல்லியிருப்பது தச்சர், தோட்டக்காரர், குயவர், கலைஞர். இதைப் படித்ததும் தமிழ்நாட்டில் பலருக்கு 1953 ஞாபகம் வரும், வரத்தான் வேண்டும். பாதி நாள் பள்ளி, மீதி நாள் அப்பன் தொழில் என்று ராஜாஜி கொண்டுவந்ததைக் குலக்கல்வித் திட்டம் என்று எதிர்த்து நின்றார்கள், 1954இல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. அந்தச் சந்தேகத்தை அலட்சியமாகத் தள்ளக் கூடாது என்பதுதான் என் கருத்து. சோதிக்க ஒரு வழி இருக்கிறது: வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் எல்லா வேலையையும் செய்கிறார்களா? டாக்டர் மகனும் தட்டு முட்டுகளைத் தேய்த்து அடுக்கி, அரத்தைப் பிடித்து இரும்பு ராவ வேண்டும், ஃபிட்டர் மகளும் சேவைப் பிரிவில் வரும் பள்ளி மியூசியம் புராஜெக்டில் வரலாறு எழுத வேண்டும். "உன் அப்பா தச்சர்தானே, நீ மரவேலை பண்ணு" என்று ஒரு ஆசிரியர் சொன்னால் அன்றைக்கே தலைமை ஆசிரியரைப் போய்ப் பாருங்கள்.

தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளுக்கு இது எதுவும் கட்டாயமில்லை, தேசியக் கல்விக் கொள்கையை மாநில அரசு ஏற்கவில்லை. அங்கே 6 முதல் 8 வரை அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கிய வானவில் மன்றம் இருக்கிறது. செய்து பார்த்துக் கற்கும் அறிவியல், கணக்குதான் அதன் நோக்கம், தொழில் அறிமுகம் நேரடியாகக் கிடையாது. புதுச்சேரியில் அரசுப் பள்ளிகளே சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டதால் அங்குள்ளவர்களுக்கு மேலே சொன்னது அப்படியே பொருந்தும்.

சரி, நன்றாக நடத்தினால் எப்படி இருக்கும்? பெரிய செலவே வேண்டாம். ஆளுக்கொரு அட்டையும் ஸ்கேலும் கத்தரிக்கோலும் கொடுத்து, 120 மில்லிமீட்டர் நீளத்தில் பத்துப் பட்டை வெட்டச் சொல்லுங்கள். வெட்டியதை அடுக்கி மேஜையில் ஒரு பக்கம் தட்டிச் சமமாக்கினால் மறுபக்கம் ஏணிப்படி மாதிரி நிற்கும். இப்போது ஒரு மரக்கட்டையில் அந்த அளவுக்குத் தடுப்பாக ஓர் ஆணி அடித்து, அதில் வைத்து வெட்டச் சொன்னால் பத்தும் ஏறக்குறைய ஒரே அளவில் வரும். கோயம்புத்தூர் பம்ப் கம்பெனியில் ஜிக் என்று சொல்வது இதைத்தான். ஒரு பீஸை அழகாகச் செய்வது கைவினை, ஆயிரம் பீஸை ஒன்றுபோலச் செய்வது உற்பத்தி என்பது பன்னிரண்டு வயதில் கையில் பட்டுவிட்டால் பிறகு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். அதன் பிறகு இரும்பைச் சுழலவிட்டுக் கடைகிற லேத் பட்டறைக்கோ கருவி தயாரிக்கும் டூல் ரூமுக்கோ கூட்டிப்போய், நுட்பமாக அளக்கும் வெர்னியரைக் கையில் கொடுத்தால், லேத்தில் கடைகிற டர்னர் ஏன் ஒவ்வொரு பீஸையும் கழற்றி அளக்கிறார், ரிஜெக்ட் ஆனால் யாருக்கு நஷ்டம் என்று பிள்ளைகளே கேட்பார்கள். குயவரிடம் போவது நல்லதுதான், ஆனால் ஓசூர்ப் பிள்ளை வண்டி உதிரிபாகம் செய்கிற இடத்தையும் திருப்பூர்ப் பிள்ளை நிட்டிங் மெஷினையும் பார்க்காமல் அந்தப் பத்து நாள் முடியக் கூடாது.

பார்க்கப் போவது வேறு, வேலை செய்வது வேறு. குடும்பத் தொழிலில் உதவுவது போன்ற சில விலக்குகள் தவிர, 14 வயதுக்குக் கீழ் யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது என்று 2016 திருத்தத்துக்குப் பிறகு சட்டம் தெளிவாக இருக்கிறது. ஓடுகிற மெஷினை ஆபரேட்டர்தான் இயக்க வேண்டும், பிள்ளைகள் தரையில் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். மூடிய ஷூ, கட்டிய தலைமுடி, துப்பட்டாவும் கையில் கயிறும் கூடாது. பள்ளி உங்களிடம் எழுத்தில் சம்மதம் கேட்க வேண்டும், எந்த இடம், எத்தனை ஆசிரியர் கூட வருகிறார்கள் என்பதும் அந்தக் காகிதத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

இதைச் செய்தால் பிள்ளை ஐடிஐ என்கிற தொழிற்பயிற்சி நிலையத்துக்குத்தான் போகும் என்று பயப்படுகிறவர்களும் உண்டு. எட்டாம் வகுப்பில் யாரும் எதையும் முடிவு செய்யப்போவதில்லை. விருப்பம் வந்துவிட்டால் பாதை இருக்கிறது என்பது மட்டும் தெரிந்திருக்கட்டும்: வெல்டர் மாதிரி சில பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்பே போதும், ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்டுக்குப் பத்தாம் வகுப்பு வேண்டும், பத்து முடித்து இரண்டு வருட ஐடிஐ படித்தால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம்.

"எங்களிடம் இதற்கு ஆசிரியர் இல்லை" என்பது பள்ளிகள் சொல்லும் வழக்கமான பதில். உள்ளூரில் தொழில் தெரிந்தவர்களை அழைத்துச் சொல்லிக்கொடுக்க வைக்கலாம் என்று கொள்கையிலேயே இடம் இருக்கிறது. உங்கள் தெருவில் பட்டறை வைத்திருப்பவரோ ஷிஃப்டுக்குப் போகிற சூப்பர்வைசரோ இருந்தால், அவர் சம்மதத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குப் போங்கள்.