உயிர்ப்பித்தலா, முயற்சியா?

"ஆச்சிக்கு இதயம் நின்றால் உயிர்ப்பிக்கவா?"

வன்னியில் ஓர் ஆஸ்பத்திரி வாட்டில் இளம் டொக்டர் கேட்டார். கையிலிருந்த தாளில் அப்படித்தான் அச்சடித்திருந்தது. ஆச்சியின் மகன் முழித்தார். "உயிர்ப்பிக்கலாமெண்டால் ஏன் டொக்டர் வேண்டாமெண்டு சொல்லப்போறம்?" அவரில் என்ன பிழை? இந்தச் சொல் படுத்தும் பாட்டை நான் பார்த்தது இது மூன்றாவது தடவை.

ஆங்கிலத்தில் 'ரிசசிட்டேஷன்'. லத்தீன் வேர், திரும்பத் தட்டியெழுப்புதல் என்று பொருள். வாட்டில் அது சி.பி.ஆர்.: நின்ற இதயத்துக்காக நெஞ்சின் நடுவை 5 செ.மீ. பதிய, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துவது, மூச்சூட்டுவது, தேவையென்றால் மின்னதிர்ச்சி கொடுப்பது. இந்த நெஞ்சழுத்த முறையை பால்டிமோர் மருத்துவமனையொன்றிலிருந்து மூன்று பேர் 1960இல் எழுதி வெளியிட்டார்கள். வரலாறு இவ்வளவு போதும்.

இதற்குத் தமிழ் 'உயிர்ப்பித்தல்'தான் என்கிற கட்சிக்காரரிடம் ஒரு நல்ல வாதம் உண்டு. பழந்தமிழில் உயிர்ப்பு என்றால் மூச்சு, நெட்டுயிர்ப்பு என்றால் பெருமூச்சு. ஆகவே உயிர்ப்பித்தல் மூச்சுவிடச் செய்தல்தானே என்பார்கள். அகராதிப்படி சரி. கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறவர் அகராதியோடா நிற்கிறார்? சைவருக்கு நினைவு வருவது, சம்பந்தர் பதிகம் பாட, எலும்பும் சாம்பலும் வைத்த குடத்திலிருந்து எழும்பி வந்த பூம்பாவை. மடு மாதா கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கருக்கு உயிர்த்த ஞாயிறு. போதாதற்கு இது பிறவினை. எழுப்பினார்கள் என்றால் ஆள் எழும்பியாயிற்று. உயிர்ப்பித்தார்கள் என்றால் உயிர் வந்தாயிற்று. நடப்பு அப்படியில்லை. அமெரிக்காவில் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வொன்றில், ஆஸ்பத்திரிக்குள் சி.பி.ஆர். செய்யப்பட்டவர்களில் உயிரோடு வெளியேறியவர்கள் 100க்கு 18 பேரளவில்தான். விலா எலும்பு முறிவதும் சகஜம்.

'புத்துயிரூட்டல்' இன்னும் மோசம். அது பூட்டிக் கிடந்த சனசமூக நிலையத்துக்குச் செய்கிற வேலை.

மறுப்பாக எழுதும்போது பிழை இரட்டிக்கிறது. 'உயிர்ப்பிக்க வேண்டாம்' என்ற வரிக்குக் கீழே எந்த மகன் கையெழுத்து வைப்பான்? பிரித்தானியப் படிவங்களில் 'முயலவேண்டாம்' என்று பிறகு திருத்திக்கொண்டார்கள். எங்கள் மொழிபெயர்ப்பாளர்கள் பழைய ஆங்கில வாசகத்தையே கட்டிப்பிடித்துக்கொண்டு, அதற்குத் தூய தமிழ் வேறு தேடுகிறார்கள்.

என் தெரிவு 'இதயமீட்பு முயற்சி'. நீளம்தான். ஆனாலும் முயற்சியை வெட்டினால் மறுபடி பூம்பாவையிடம்தான் போய் நிற்போம். அதையும்கூட, செய்வதை விளங்கச் சொன்ன பிறகே சொல்லவேண்டும், அதுவும் நோயாளியிடம்.

அன்றைக்கு அதைச் செய்தவர் ஒரு தாதி. மகனை விலத்தி, ஆச்சியின் காதுக்குக் கிட்டக் குனிந்தார். "ஆச்சி, இதயம் நிண்டால் நெஞ்சைப் பலமா அமத்திப் பார்ப்பம். விலா முறியலாம். திரும்ப ஓடுமெண்டு சொல்லேலாது. வேண்டாமெண்டாலும் மற்ற மருந்து ஒண்டும் நிக்காது. என்ன செய்வம்?"

ஆச்சி நெஞ்சைத் தடவிப் பார்த்தார்.

"அது வேண்டாம் பிள்ளை. இந்த இழுப்புக்கு ஏதும் தாங்கோ."