பத்துப் பேர் நூறு பேரை வெல்லும் கணக்கு

போர்க்களத்தில் ஆள்பலத்துக்கு என்ன மதிப்பு என்பதைச் சூத்திரமாக எழுதிப் பார்த்தவர்களில் ஃபிரெடெரிக் லான்செஸ்டர் முக்கியமானவர். கார் தயாரிப்பில் பெயர்பெற்ற பிரிட்டிஷ் பொறியாளர் அவர். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1916இல் அவர் முன்வைத்த கணக்கின் சாரம் இதுதான்: இரு தரப்பினரும் ஒரே மாதிரித் துப்பாக்கிகளோடு திறந்தவெளியில் நின்று குறிபார்த்துச் சுட்டுக்கொண்டால், ஒரு படையின் வலிமை அதன் எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். பத்துப் பேரை நூறு பேர் எதிர்த்தால் வலிமை வேறுபாடு பத்து மடங்கல்ல, நூறு மடங்கு. நூறு பேர் பத்து மடங்கு குண்டுகளைச் சுடுகிறார்கள். அவை அத்தனையும் பத்தே பேர் மீது குவிகின்றன.

இந்தக் கணக்குப்படி சிறப்புப் படைகள் என்ற ஏற்பாடே நிலைத்திருக்கக் கூடாது. ஆனாலும் சிறு குழுக்கள் பெரிய காவல்படைகளை வென்றிருக்கின்றன. சூத்திரம் பொய் என்பதல்ல காரணம். அதற்குள் சில நிபந்தனைகள் ஒளிந்திருக்கின்றன: எதிரி விழித்திருக்க வேண்டும், நம்மைப் பார்க்க வேண்டும், அவனுடைய நூறு பேரும் ஒரே நேரத்தில் சுடும் இடத்தில் இருக்க வேண்டும். கமாண்டோவின் தொழில் இந்த நிபந்தனைகளை ஒவ்வொன்றாக உடைப்பதுதான். கட்டடத்துக்குள் அறை அறையாக நுழையும்போது நால்வருக்கு எதிரே பெரும்பாலும் ஒருவனோ இருவரோதான் இருப்பார்கள். மொத்தத்தில் சிறுபான்மை, அந்த அறையில் பெரும்பான்மை.

இதைக் கோட்பாடாக வகுத்தவர் அமெரிக்கக் கடற்படை அதிகாரி வில்லியம் மெக்ரேவன். 1993இல் எழுதிய முதுநிலை ஆய்வேட்டில், சிறிய படை பெரிய படையின் மீது தற்காலிகமாகப் பெறும் மேலாதிக்கத்தைப் பற்றி அவர் விளக்கினார். தாக்குதலின் ஒரு கட்டத்தில் நிலைமை சிறிய படைக்குச் சாதகமாகத் திரும்புகிறது. அந்தக் கட்டத்தை எட்டும்வரை ஒவ்வொரு நிமிடமும் ஆபத்து. எட்டியபின் இழந்துவிட்டால் மீட்பது மிகக் கடினம்.

அவர் ஆராய்ந்த நிகழ்வுகளில் ஒன்று, பெல்ஜியத்தின் எபன் எமாயல் கோட்டை வீழ்ந்த கதை. 1940 மே 10 அதிகாலை, எண்பதுக்கும் குறைவான ஜெர்மானிய வீரர்கள் இயந்திர ஓசையே இல்லாத கிளைடர்களில் வந்து கோட்டையின் கூரை மீதே இறங்கினார்கள். உள்ளே 600க்கும் மேற்பட்ட காவல் வீரர்கள். ஆற்றைக் கடந்து வரும் படையை எதிர்பார்த்துக் கட்டிய கோட்டை அது. கூரையில் கண்ணிவெடி இல்லை, பதுங்குகுழி இல்லை. அதன் ஒரு பகுதியை வீரர்கள் கால்பந்துத் திடலாகப் பயன்படுத்தி வந்தார்கள் என்பதைப் படிக்கும்போது சிரிப்பும் வருகிறது, பரிதாபமும் வருகிறது. வந்தவர்களிடம் 50 கிலோ எடையுள்ள புதுவகை வெடிப்பொருள் இருந்தது. அடிப்பக்கம் குடைந்து விடப்பட்ட வடிவம் அது. அந்தக் குழிவு, வெடிப்பின் ஆற்றலைச் சிதறவிடாமல் ஒரே திசையில் குவித்து, எஃகுக் கவசத்தைத் துளைத்துவிடும். கோட்டையின் முக்கியப் பீரங்கிகள் பல முதல் அரைமணி நேரத்துக்குள் செயலிழந்தன. மறுநாள் கோட்டை சரணடைந்தது. தாக்கியவர்களில் இறந்தவர்கள் ஆறு பேர்.

நிமிடங்களைச் சம்பாதிக்க இயற்பியல் பல வழிகளில் உதவுகிறது. முதலாவது இருட்டு. இரவுப் பார்வைக் கருவியில், நட்சத்திரங்களிலிருந்து வரும் மங்கிய ஒளி ஒரு மெல்லிய படலத்தின் மீது பட்டு எலக்ட்ரான்களை வெளித்தள்ளுகிறது. அவை மயிரிழையைவிட நுண்ணிய லட்சக்கணக்கான துளைகள் கொண்ட கண்ணாடித் தகட்டுக்குள் பாய்கின்றன. துளையின் சுவரில் மோதும் ஒவ்வொரு எலக்ட்ரானும் மேலும் பலவற்றை உதிர்க்க, அவையும் மோதி இன்னும் பலவற்றை உதிர்க்க, கடைசியில் ஒரு பெருங்கூட்டமே பாஸ்பர் திரையில் போய் மோதிப் படமாக ஒளிர்கிறது. பழைய கருவிகள் பச்சை நிறத்தில் காட்டியதற்குக் காரணம், மனிதக் கண் பச்சைக்குத்தான் மிகக் கூர்மையாக எதிர்வினையாற்றுகிறது. ஒரே குறை, குழாய் வழியே பார்ப்பதுபோல் சுமார் 40 பாகை மட்டுமே தெரியும். நான்கு குழாய்களை வரிசையாகப் பொருத்தி அதை 97 பாகையாக விரித்த கருவிகள் பின்னர் வந்தன. இதைத் தலையில் மாட்டியவர் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு உள்ளே நுழைந்தால், எதிரிகள் எத்தனை பேர் என்ற கேள்வியின் கூர்மை பாதி மழுங்கிவிடுகிறது.

ஓசையும் ஒரு கருவிதான். 1980இல் லண்டனில் ஈரானியத் தூதரகத்தை ஆயுததாரிகள் பிடித்து வைத்திருந்தபோது, ஒட்டுக்கேட்கும் கருவிகளைச் சுவரில் பதிக்கும் சத்தம் உள்ளே கேட்காமலிருக்க, ஹீத்ரோ விமான நிலையத்துக்கு வரும் விமானங்களைத் தாழப் பறக்கச் சொன்னார்கள். இரைச்சல் இரைச்சலை விழுங்கியது. மே 5 அன்று பிரிட்டனின் சிறப்புப் படையான எஸ்ஏஎஸ் நுழைந்து 17 நிமிடங்களில் முற்றுகையை முடித்தது. நுழையும் கணத்தில் வீசப்படும் ஒளி-ஒலிக் குண்டு விழித்திரையின் ஒளி உணரும் நிறமிகளைச் சில நொடிகளுக்கு முடக்குகிறது, காதும் அடைத்துப்போகிறது. தேவைப்படுவதும் அந்தச் சில நொடிகளே.

இலக்குவரை போய்ச் சேர்வதிலும் இதே தந்திரம்தான். முத்துக்குளிப்பவரைப் போலன்றி, நீரடியில் நீந்தும் கமாண்டோ தன் மூச்சையே திரும்பத் திரும்ப இழுக்கிறார். வெளிவிடும் கரியமில வாயுவைச் சுண்ணாம்புக் கலவை உறிஞ்சிக்கொள்ள, நீர்மேல் ஒரு குமிழிகூட எழுவதில்லை. ஆனால் தூய ஆக்சிஜன் சுமார் ஆறு மீட்டர் ஆழத்துக்குக் கீழே நரம்புகளுக்கு நஞ்சாகத் தொடங்கும். அதனால் மேலோட்டமாகவே நீந்த வேண்டும். மிக உயரத்திலிருந்து பாராசூட்டில் குதிப்பவர்களோ, இரத்தத்தில் கரைந்துள்ள நைட்ரஜன் குமிழ்களாக மாறாதபடி, முன்கூட்டியே ஆக்சிஜனைச் சுவாசித்து அதை வெளியேற்றிவிட்டுக் குதிக்கிறார்கள்.

இனி ஒத்திகை. என் கண்ணில் இந்தத் துறையின் இதயம் துப்பாக்கி அல்ல, ஒத்திகைதான். இலக்கின் மாதிரியைக் கட்டி, கால் தானாக நடக்கும்வரை பழகுகிறார்கள். மாதிரியில் விட்டுப்போன சின்ன விவரம் என்ன செய்யும் என்பதற்கு 2011 மே 2 அன்று பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் பின்லேடன் பதுங்கியிருந்த வளாகத்தின் மீது அமெரிக்கப் படை நடத்திய தாக்குதல் சரியான பாடம். பயிற்சிக் களத்தில் வளாகச் சுவருக்குப் பதிலாகக் கம்பி வலை வேலி போட்டிருந்தார்கள். ஹெலிகாப்டர் கீழ்நோக்கித் தள்ளிய காற்று அதன் வழியே வெளியேறிவிட்டது. உண்மையான இடத்தில் உயரமான சுவர்கள் அந்தக் காற்றை அடைத்துவைத்தன. அது மேலே சுழன்று மீண்டும் விசிறிக்குள்ளேயே புகுந்தது. தான் கலக்கிய காற்றிலேயே ஹெலிகாப்டர் தூக்குவிசையை இழந்து இறங்க, வால் சுவரில் மோதியது. எதிர்பார்த்ததைவிட வெப்பமாக இருந்த இரவுக் காற்றின் அடர்த்திக் குறைவும் சேர்ந்துகொண்டது. யாருக்கும் பெரிய காயமில்லை. மாற்று ஏற்பாடாக வேறு ஹெலிகாப்டர்கள் காத்திருந்ததால் வேலை நிற்கவில்லை.

எத்தகைய மனிதர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள்? அமெரிக்கக் கடற்படையின் சிறப்புப் படையான சீல் பிரிவின் பயிற்சியில் ஐந்தரை நாள்கள் நீளும் ஒரு வாரம் உண்டு. மொத்த உறக்கம் நான்கு மணி நேரம் அளவுக்கே. குளிர்நீர், மணல், கட்டைகள். கழுத்துத் தடித்த பலசாலிகள் மணியடித்து விலகிப்போவதும், மெலிந்தவர்கள் தாக்குப்பிடிப்பதும் அங்கே வாடிக்கை. இதற்கு உயிர்வேதியியல் விளக்கமும் தேடப்பட்டது. சார்ல்ஸ் மார்கன் என்ற மனநல மருத்துவர், போலி விசாரணைக்கு உட்படுத்தப்பட்ட வீரர்களின் இரத்தத்தைப் பரிசோதித்தார். பதற்றத்தைத் தணிக்க உதவும் நியூரோபெப்டைடு ஒய் என்ற பொருள் சிறப்புப் படையினரிடம் மற்றவர்களைவிடக் கூடுதலாகச் சுரந்திருந்தது. ஒரு நாள் கழித்து அவர்களிடம் அது இயல்பு நிலைக்குத் திரும்பியிருந்தது, மற்றவர்களிடம் வற்றிப்போயிருந்தது. பயிற்சி அப்படி ஆக்கியதா, அப்படிப்பட்டவர்களே பயிற்சியில் தேறினார்களா என்பதை இந்த அளவீட்டை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.

வீரர்கள் எவ்வளவு தேர்ந்தவர்களாயினும் திட்டம் சிக்கலானால் கணக்கு பழிவாங்கும். ஒவ்வொன்றும் 95 விழுக்காடு வெற்றி வாய்ப்புள்ள பத்துப் படிகளைத் தொடராகக் கோத்தால், மொத்த வாய்ப்பு 60 விழுக்காட்டுக்குச் சரிந்துவிடுகிறது. 1980 ஏப்ரலில், ஈரான் தலைநகர் தெஹ்ரானில் பிடித்து வைக்கப்பட்டிருந்த அமெரிக்கத் தூதரகப் பணயக்கைதிகளை மீட்கக் கிளம்பிய அமெரிக்கத் திட்டம் அப்படிப்பட்ட நீண்ட சங்கிலி. எட்டு ஹெலிகாப்டர்கள் புறப்பட்டன. குறைந்தது ஆறு வேண்டும். ஒன்று விசிறிக் கோளாறு எச்சரிக்கையால் பாலைவனத்தில் கைவிடப்பட்டது, ஒன்று புழுதிப் புயலில் திரும்பிவிட்டது, மூன்றாவதன் ஹைட்ராலிக் அமைப்பு பழுதானது. மீந்தவை ஐந்து. திட்டத்தைக் கைவிட்டுத் திரும்பும் வேளையில் ஒரு ஹெலிகாப்டர் எரிபொருள் விமானத்தோடு மோதியதில் எட்டுப் பேர் இறந்தார்கள். எதிரி ஒரு குண்டுகூடச் சுடவில்லை.

சங்கிலியின் முதல் கண்ணி உளவுத் தகவல். வியட்நாம் போரின்போது, 1970 நவம்பர் 21 அன்று, சிறைப்பட்ட தங்கள் வீரர்களை மீட்க 56 அமெரிக்க வீரர்கள் ஹனோய்க்கு அருகிலுள்ள சோன் டாய் சிறை முகாமில் இறங்கினார்கள். சுமார் 170 முறை ஒத்திகை பார்த்த தாக்குதல். அரைமணி நேரத்துக்குள் முடித்து, தங்கள் தரப்பில் உயிரிழப்பின்றித் திரும்பினார்கள். ஆனால் அறைகள் காலி. கைதிகளை அந்த ஜூலையிலேயே வேறு முகாமுக்கு மாற்றியிருந்தார்கள். ஒருவரைக்கூட மீட்காத இந்தத் தாக்குதலுக்கு எதிர்பாராத ஒரு விளைவு இருந்தது. அடுத்த தாக்குதலுக்கு அஞ்சிய வட வியட்நாம், வெளி முகாம்களில் சிதறிக் கிடந்த கைதிகளை ஹனோய்ச் சிறைகளுக்குள் கொண்டுவந்து குவித்தது. ஆண்டுக்கணக்கில் தனிமைக் கொட்டடியில் கிடந்த பலர் முதன்முறையாகச் சக கைதிகளோடு ஒரே அறையில் தங்கினார்கள்.