ஆர் அண்ட் டி: ஆய்வாக்கம்

"மக்கா, பிள்ளைக்கு பெங்களூருல ஆரண்டியில வேலையாமே, அது என்னது?" வடசேரிச் சித்தி கேட்டார். மடியில் சுளவு, சுளவில் முளைக்கீரை. பதிலும் அந்தச் சுளவிலேயே கிடந்தது.

ரிசர்ச், டெவலப்மென்ட் இரண்டின் முதலெழுத்துகள்தான் ஆர் அண்ட் டி. இரண்டுமே பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனவை. முன்னது விடாமல் தேடுவது. பின்னது சுற்றி வைத்ததைப் பிரிப்பது.

நம் ஆய்வு, சித்தி கீரை ஆய்கிறாரே, அதே ஆய்தான். பழுத்த இலை ஒரு பக்கம், பூச்சி அரித்தது ஒரு பக்கம், நல்ல இலை சட்டிக்கு. தொல்காப்பிய உரியியல் ஆய்தலை 'உள்ளதன் நுணுக்கம்' என்கிறது. எவ்வளவு அழகான விளக்கம்!

டெவலப்மென்ட்டை 'வளர்ச்சி' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. பயிர் வளரும், பிள்ளை வளரும். இங்கே கண்டறிந்ததைப் பொருளாகச் செய்கிறார்கள். அது ஆக்கம், சோறாக்குகிறோமே, அந்த ஆக்கம். ஆய்வும் ஆக்கமும் சேர்ந்தால் ஆய்வாக்கம். இடத்தைச் சொல்ல, ஆய்வாக்க நிலையம். ஆய்வகம் என்றால் அதற்குள் இருக்கும் லேப் மட்டும்தான்.

சரி, பெரிய கம்பெனிகள் இந்த நிலையத்தை எங்கே வைக்கின்றன? பெரும்பாலும் படித்த ஆள் கிடைக்கும் ஊரில். ஜெராக்ஸ் அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் கம்பெனி. 1970இல் மேற்கே, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தை ஒட்டிய பாலோ ஆல்டோவில் ஆய்வு மையம் திறந்தது. கிழக்கே அதன் சொந்த ஊரான ராச்செஸ்டரில் தொடங்கிய லேசர் பிரிண்டர் வேலை அங்கே போய்த்தான் உருப்பெற்றது. கம்ப்யூட்டர் கம்பெனி ஐபிஎம் 1956இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் போனது. சிப் செய்யும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985இல் பெங்களூர் வந்தது, இங்குள்ள இன்ஜினியர்களை நம்பி.

நம் குமரி மாவட்டத்துப் பிள்ளைகளும் அங்கேயும் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கிலும் வேலைக்குப் போகிறார்கள். ஆள் இருக்கும் நாகர்கோவிலுக்கும் அப்படி ஒரு நிலையம் வர வேண்டும் என்று மனசார ஆசைப்படுகிறேன்.

நெல்லுக்கு ஆள் மட்டும் போதாது, அந்த மண்ணும் தண்ணியும் வேண்டும். அதனால்தான் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையம் நாகர்கோவில் பக்கத்துத் திருப்பதிசாரத்தில் இருக்கிறது. டிபிஎஸ் 3 என்று விதைநெல் வாங்குகிறோமே, அந்த டிபிஎஸ் திருப்பதிசாரத்தின் சுருக்கம்தான்.

இதைச் சொன்னதும் சித்தி கீரையிலிருந்து கையை எடுத்தார். "அப்போ நம்ம திருப்பதிசாரம் மாதிரி ஒரு இடமா?"

ஆமா சித்தி. அங்கே நெல்லுக்குப் பதிலாக சிப்.